மரத்தரையில் உடைத்த பூசணிக்காய்

என்னை யாராவது "பி.டி. மிஸ்" என்று கூப்பிட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கூடைப்பந்துப் பயிற்சியாளர். படாளத்திலிருந்து பஸ் பிடித்துச் செங்கல்பட்டுக்கு வந்து ஆடப் பழகி, மாநில அணியில் ஆடி, ஒரு கம்பெனி அணியில் சம்பளத்துக்கு ஆடி, முழங்கால் போன பிறகு முறையாகப் பயிற்சியாளர் படிப்பு முடித்து இந்தத் தொழிலுக்கு வந்தவள். புதுப்பட்டினம் பக்கத்திலிருந்த அந்தத் தனியார் பள்ளி என்னை எடுத்ததும் கூடைப்பந்துக்காகத்தான். சேர்ந்த பிறகு என்ன செய்யச் சொன்னார்கள் தெரியுமா? காலையில் பிரேயர் வரிசையைச் சரிபார்க்க வேண்டும். பெண் பிள்ளைகள் ரிப்பனை மடித்துக் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஆண்டு விழாவில் மைக் முன்னால் நின்று "ஹலோ, ஹலோ" சொல்ல வேண்டும். இதெல்லாம் போக மிச்ச நேரத்தில் கோப்பையும் வாங்கித் தர வேண்டும்.

வாங்கித் தந்தோம். மெஸ்ஸுக்குப் பின்னால் ஸ்கூல் பஸ்கள் நிற்கும் சிமெண்டுத் தரைதான் எங்கள் மைதானம். டிரைவர்களைக் கெஞ்சி வண்டிகளை நகர்த்திவிட்டுத்தான் பயிற்சி. விழுந்தால் முழங்கைத் தோல் தரையோடு போய்விடும். அங்கே ஆடியே என் பிள்ளைகள் மாவட்டத்தில் ஜெயித்தார்கள். உடனே தாளாளருக்கு உற்சாகம் வந்து, மரப்பலகைத் தரை பதித்த உள்ளரங்கம் ஒன்று கட்டினார். அதற்கு நன்றி சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். திறப்பு விழா அன்று நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு கவலை. என் அணியின் கேப்டன் சதுரங்கப்பட்டினத்துப் பெண். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். அவள் அப்பா கல்பாக்கத்தில் வேன் ஓட்டுகிறார். என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார்: "ஃப்ரீ சீட்டு கெடச்சா படிக்கட்டும் மேடம். இல்லாங்காட்டி செல்போன் கம்பெனி பஸ்ஸு வூட்டு வாசலுக்கே வந்துகினு கீது. ஏறிப் பூட வேண்டிதுதான்." அவரைக் குறை சொல்ல முடியாது, அவளுக்குக் கீழே இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியின் பயிற்சியாளரிடம் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. நான் ஆடிய காலத்தில் எதிரணியில் நின்று என் விலாவை இடித்தே தள்ளியவள் அவள். இப்போது தோழி. திறப்பு விழாவில் என் பிள்ளைகள் இரண்டு அணியாகப் பிரிந்து ஒரு காட்சி ஆட்டம் ஆடுவதாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று வந்திருந்தாள். சாயங்காலம் அவள் அணிக்கே சென்னையில் ஆட்டம். மதியச் சாப்பாட்டுக்குமேல் நிற்க முடியாது என்று முன்பே சொல்லிவிட்டாள்.

நான் அரங்கத்துக்குள் நுழைந்தால், என் பிள்ளைகள் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். கையில் சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு. பியூட்டி பார்லர் ஆளை வரவழைத்து அலங்காரமாம். அந்த அரங்கமே இவர்கள் ஜெயித்ததால் வந்தது. அதன் திறப்பு விழாவில் இவர்களுக்குக் கிடைத்த வேலை சந்தனத் தட்டு ஏந்துவது!

"இன்னா மேடம் இது, நடக்கவே வரமாட்டேங்குது. மேட்ச் உண்டா இல்லியா?" என்றாள் கேப்டன்.

"உண்டு. நான் இருக்கேன் இல்ல?" என்றேன். வாய்தான் சொன்னது.

சிறப்பு விருந்தினர் வரவே நேரம் போய்விட்டது. வந்தவர் தோல் ஷூவோடு மரத்தரையில் டக் டக்கென்று நடந்தார், பின்னால் ஒரு கூட்டம் செருப்போடு நடந்தது. என் பிள்ளைகள் ஷூவின் அடியை ஈரத்துணியால் துடைக்காமல் அந்தத் தரையில் கால் வைக்கக் கூடாது என்று நான் முன்கூட்டியே சட்டம் போட்டு வைத்திருந்தேன். யாரிடம் சொல்வது? நடு வட்டத்தில் குத்துவிளக்கை வைத்து எண்ணெய் வழிய வழிய ஏற்றினார்கள். அதுவரைகூடப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பள்ளி மேனேஜர் ஒரு பெரிய பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குள் வந்தார். மேலே கற்பூரம் எரிகிறது, உள்ளே குங்குமம்.

நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். "சார், இத வெளியில, கேட் கிட்ட உடைங்க. இது மரத்தரை. பிள்ளைங்க ஆடணும்."

"நல்ல காரியம் நடந்துகினு கீது, குறுக்க நிக்காதீங்க மேடம்," என்றார் அவர். "வாசல்ல ஒடச்சா வாசலோட திருஷ்டி பூடும். இந்தக் கட்டடத்துல அல்லாரும் இன்னாத்த பாக்கப் போறாங்க? பந்து வுழுற எடத்த. அங்க ஒடச்சாதான் கண்ணு கழியும்."

சொல்லிவிட்டு, வளையத்துக்கு நேர் கீழே ஓங்கிப் போட்டார். சதையும் விதையும் குங்குமத் தண்ணீரும் கோடு தாண்டித் தெறித்தன. கூட்டம் கைதட்டியது. என் பிள்ளைகளில் இரண்டு பேர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டிபோட்டுத் துடைத்தார்கள். நான் காலை வைத்துப் பார்த்தேன், சர்ரென்று வழுக்கியது. அதில் ஓடித் திரும்பினால் முழங்கால் பிசகிவிடும். முழங்கால் போனால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

தாளாளரிடம் போனேன். "மேட்ச் எங்கம்மா ஓடிப் போயிடும்? சாப்பாடு முடிஞ்சதும் வச்சுக்கலாம். இப்ப பொண்ணுங்க மேடைக்குப் பக்கத்துல நிக்கட்டும், பார்க்க லட்சணமா இருக்கும்," என்றார். லட்சணமாம்! அந்தப் பக்கம் சென்னைக்காரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்தாள். "இன்னாடி, ஆட்டம் உண்டா? நான் கெளம்பணும்டி."

எனக்குக் கோபம் உச்சிமண்டைக்கு ஏறியது. நேராகப் பிள்ளைகளிடம் போய், "தட்டை எல்லாம் மேனேஜர் கையில குடுங்கடி. ஷூவையும் ஜெர்சியையும் எடுத்துக்கிட்டு பின்னாடி வாங்க," என்றேன். ஒருத்தி பின் ஒருத்தியாக அவர் கையில் அடுக்கினார்கள். அவர் கற்கண்டும் சந்தனமுமாக விழித்துக்கொண்டு நின்றார்.

மெஸ்ஸுக்குப் பின்னால் வழக்கம்போல் பஸ்கள் நின்றன. ஒரு காலி பஸ்ஸின் ஜன்னல்களில் பட்டுப்புடவைகளைத் திரையாகத் தொங்கவிட்டு, உள்ளேயே ஜெர்சிக்கு மாறினார்கள். கேப்டன் பூவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே இறங்கி, "அண்ணாத்த, ரெண்டு வண்டிய மட்டும் பின்னால எடு, எனக்கு இன்னிக்கி பரீட்ச," என்று டிரைவர்களிடம் கத்தினாள். எடுத்தார்கள். கிடைத்தது பாதி மைதானமும் கோணலான ஒரு வளையமும்தான்.

சென்னைக்காரி பஸ் படியில் உட்கார்ந்து பார்த்தாள். கேப்டன் ஆடினாள் பாருங்கள்! பார்வையை ஒரு பக்கம் வைத்துப் பந்தை மறுபக்கம் கொடுத்தாள், உயரமானவர்களின் இடுக்கில் நுழைந்து போட்டாள், விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு எழுந்து மறுபடி ஓடினாள். அந்த நேரம் முழுக்க அரங்கத்து ஸ்பீக்கரில் விருந்தினரின் குரல் எங்கள் தலைக்குமேல் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் விளையாட்டுத் துறைக்கு வர வேண்டுமாம், தயங்கக் கூடாதாம். டிரைவர்கள் எங்களுக்குக் கைதட்டினார்கள்.

சென்னைக்காரி எழுந்து வந்து கேப்டனின் சிராய்ப்பைப் பார்த்தாள். "மார்க்ஷீட் வந்ததும் அப்பாவ கூட்டிகினு வா. சீட்டு உனக்குத்தான்," என்று சொல்லிவிட்டு அவசரமாகக் காரில் ஏறினாள். நான் பஸ்ஸின் பின்னால் போய்க் கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்திலா ஆத்திரத்திலா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

விருந்தினரை அவமதித்தேன் என்று மறுநாளே என்னை வேலையைவிட்டு நிற்கச் சொன்னார்கள். நின்றேன். இப்போது செங்கல்பட்டில் ஒரு கிளப்பில் பயிற்சி கொடுக்கிறேன், அங்கே யாரும் என்னை ரிப்பன் பார்க்கச் சொல்வதில்லை. கேப்டன் அந்தக் கல்லூரியில் சேர்ந்தாள். முதல் வருடமே பல்கலைக்கழக அணியிலும் இடம் பிடித்தாள்.

போன மாதம் ஒரு வேலையாகப் புதுப்பட்டினம் போனேன். அந்தப் பள்ளி வாசலில் ஆள் உயரத்துக்குமேல் ஒரு பேனர். தாளாளர் ஒரு பக்கம், விருந்தினர் ஒரு பக்கம், நடுவில் சின்னதாக என் கேப்டன். கீழே கொட்டை எழுத்தில், "எங்கள் புதிய உள்ளரங்கம் உருவாக்கிய முதல் வீராங்கனை." அந்த அரங்கத்தில் அவள் ஒரு தடவைகூடப் பந்து தட்டியதில்லை. அங்கே அவளை எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான் அவர்களிடம் இருந்திருக்கிறது. அதைத்தான் போட்டிருந்தார்கள்: பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் சந்தனத் தட்டு.

படம் பிடித்து அவளுக்கு அனுப்பினேன். உடனே குரல் செய்தி வந்தது. முதலில் சிரிக்கிறாள்.

"இன்னா மேடம் இது," என்றாள். "பந்து எங்க மேடம்?"