ஆம்பளைக்குச் சுறாப்புட்டு

சீச்சீ, அன்னிக்கும் சுறாப்புட்டுதான். பிள்ள பெத்தவளுக்குப் பால் ஊறணும்னு எங்க பக்கம் பால்சுறாவை வேகவச்சு, உதுத்து, பூண்டு போட்டு வதக்கிக் குடுப்பாங்க. நான் ஒண்ணும் பிள்ள பெக்கல. முப்பது வருசம் பஸ் ஓட்டி, கிளட்ச் மிதிச்சு மிதிச்சுத் தேஞ்சுபோன இடது முட்டியை மதுரையில மாத்திட்டு வந்து படுத்திருந்தேன், அவ்வளவுதான்.

ஆனா எம் பொஞ்சாதிக்கு நான் "பச்ச உடம்பு". காதுல பஞ்சு, தலையில துண்டு, காத்து படக்கூடாதுன்னு சன்னலைச் சாத்தி வச்சிருந்தா. முட்டிக்கடியில ரெண்டு தலகாணி. ரூமு முழுக்கச் சுறாக் கவிச்சி, தைல நாத்தம், குளிக்காத என் வேர்வை. எனக்கே கொமட்டுச்சு. பாக்க வந்த மச்சான் வேற, "என்ன மாப்ள, ஆணா பொண்ணா?"ன்னு கேட்டுட்டுப் போனான். தூ!

பிசியோதெரபி செய்ய வந்த அம்மா முதல் நாளே சொல்லிருச்சு: "தலகாணிய எடுங்க. நல்லா மடக்கிப் பழகணும், இல்லன்னா வெறச்சுப் போயிரும். அப்புறம் சைக்கிள மறந்துருங்க." சைக்கிளை எப்பிடி மறக்குறது? ரிட்டயர் ஆனா வெள்ளன எந்திரிச்சு வாலிநோக்கம் வரைக்கும் மிதிச்சுப் போயி, கடல்ல முங்கிட்டு வரணும்னு கெடந்தவன் நான். அத்தனை வருசம் அந்த ரூட்டுல ஓட்டியும் ஒருநாள் கால் நனைச்சதில்ல.

ரெண்டு நாளா அந்த அம்மாவைக் காணோம். கேட்டா, எம் பொஞ்சாதிதான் வாசல்லயே திருப்பி அனுப்பியிருக்கா.

"பச்ச உடம்பப் போட்டு அந்த முறுக்கு முறுக்குது. நீக கத்துறத என்னால கேக்க முடியல."

எனக்கு வந்துச்சே கோவம்! தட்டைத் தள்ளிவிட்டேன். "அறிவுகெட்டவளே, நான் என்ன பிள்ளையா பெத்திருக்கேன்? இந்தக் கருமத்தை யாரு கேட்டா?"

அவ சிந்துன புட்டைப் பொறுக்கிக்கிட்டே சொன்னா. "நான் பெத்திருக்கேன்ல. ஆத்தா இல்லாதவ. மூணாம் நாளே நீக வண்டிக்குப் போயிட்டீக. நானே எந்திரிச்சு ஒல வச்சேன், தண்ணி தூக்குனேன். எனக்கு யாரு செஞ்சு தந்தா? உங்களையாச்சும் ஒழுங்காப் பாக்கணும்னு நெனச்சேன்."

லீவு கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. நான் கேக்கவே இல்ல. சுறா மேல இருந்த அருவருப்பெல்லாம் எம்மேலயே திரும்புச்சு. தட்டுல மிச்சமிருந்ததைத் தின்னேன். ஆறிப்போயிருந்துச்சு.

"அந்த அம்மாவ வரச் சொல்லு"ன்னேன். "நீயும் கூட இரு."

மறுநாள் அந்த அம்மா தொடையைப் பிடிச்சுக்கிருச்சு. குதிகாலைப் பிடிச்சு உள்ள தள்ளுனது எம் பொஞ்சாதி. உயிர் போற வலி. கத்த வாயத் தொறந்தேன். அவ மூஞ்சியப் பாத்தேன், மூடிக்கிட்டேன்.