கறுவலைத் தேடிய கோடை

கல்யாணம் முடித்து கனடாவின் மொன்றியலுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் ஜென்சிக்குப் பேச்சுத்துணைக்கு ஒருவரும் இல்லை. கணவன் பிரசாந் இரவில் வேலைக்குப் போவான், பகலில் தூங்குவான். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அவர்கள் குடியிருந்த மாடிவீட்டின் பின்படியில் ஒருநாள் ஒரு கறுத்த பூனைக்குட்டி நடுங்கிக்கொண்டு நின்றது. உள்ளே தூக்கி வந்து துவாயால் துடைத்து, கறுவல் என்று கூப்பிட்டாள். கொஞ்சக் காலத்தில் பிஞ்சு என்ற வெள்ளைப் பூனையும் வந்து சேர்ந்தது.

இரண்டு முறை கரு கலைந்து அவள் எழும்பாமல் கிடந்தபோது கால்மாட்டில் கிடந்தது கறுவல்தான். பிரசாந் ஓவர்டைம் செய்துகொண்டிருந்தான்.

வயது போகக் கறுவலுக்குச் சிறுநீரகம் பழுதாகியது. கண்ட இடத்தில் மூத்திரம் பெய்தது. குழந்தைகள் காப்பக வேலையால் களைத்து வந்தாலும் ஜென்சி முதலில் அதற்கு மருந்து கொடுத்துவிட்டுத்தான் சப்பாத்தைக் கழற்றுவாள். இந்த நிலையில்தான் இல்-பிசார் தீவில் அவர்கள் வீடு வாங்கினார்கள். கீழும் மேலும் புது மரத் தரை. வீடு பார்க்க வந்த பிரசாந்தின் அக்கா துஷாந்தினி, "இந்தத் தரையில அந்தப் பூனையோ?" என்று மூக்கைச் சுளித்தாள். பிரசாந் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தான்.

ஜூலை முதலாந் தேதி, மொன்றியலில் பாதிப்பேர் வீடு மாறுகிற நாள், குடிபோனார்கள். ஜென்சி சாமான் லொறியில் முன்னால் போனாள். பூனைகளைக் காரில் கொண்டுவருவது பிரசாந்தின் பொறுப்பு. அவன் வந்து இறங்கியபோது ஒரு கூடைக்குள் பிஞ்சு கத்திக்கொண்டிருந்தது. மற்றக் கூடை வெறுமையாக இருந்தது.

"கார்க் கதவைத் திறந்த உடனை பாய்ஞ்சு ஓடிட்டுது, ஜென்சி. கலைச்சுப் பாத்தன், பிடிக்கேலாமப் போச்சு."

அந்தக் கோடை முழுக்க அவள் தேடினாள். வேலை முடிந்து, நெடுநேரம் காத்திருந்து பஸ் பிடித்து வந்து, வேலியோரமும் ஆற்றங்கரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரிந்தாள். கறுவலின் படம் போட்டு நோட்டீஸ் அடித்தாள். பிரசாந் டேப்பைக் கிழித்துக் கொடுக்க, அவள் விளக்குக் கம்பங்களில் ஒட்டினாள். அவனும் குனிந்து பற்றைகளுக்குள் பார்த்து, "கறுவல், கறுவல்" என்று கூப்பிட்டான். இத்தனை வருடத்தில் அவன்மேல் அவளுக்கு அவ்வளவு அன்பு வந்ததில்லை.

செப்டெம்பரில் பழைய வீட்டுப் பக்கத்துத் தமிழ்க் கடையில் அருளம்பலம் அண்ணையைக் கண்டாள். அங்கே கீழ்வீட்டில் இருப்பவர்.

"என்ன பிள்ளை, பூனையை அப்பிடி விட்டிட்டுப் போட்டியள்?"

"அது புது வீட்டடியில துலைஞ்சதெல்லோ, அண்ணை."

அவர் குழம்பிப்போய் அவளைப் பார்த்தார். "பிரசாந் தானே எங்கட வீட்டுப் பின் ஒழுங்கையில இறக்கி விட்டவர். நான் கேக்க, தெரிஞ்ச ஆக்கள் வந்து எடுப்பினம் எண்டு சொன்னவர். ஒருத்தரும் வரேல்லை. அது உங்கட கதவடியிலேயே கிடந்து கத்தினது. புதுசா வந்த பெடியள் பாவம் எண்டு மிருகக் காப்பகத்துக்குக் குடுத்திட்டினம்."

அடுத்த நாள் ஜென்சி விலங்குக் காப்பகத்துக்குப் போனாள். கணினியைப் பார்த்த பெண், பூனையின் உடம்பில் பதித்திருந்த சிப்பில் கிடைத்த நம்பருக்குத் தாங்கள் அழைத்ததாகப் பிரெஞ்சில் சொன்னாள். அது பிரசாந்தின் நம்பர். எடுத்த ஆண் தன்னிடம் பூனையே இல்லை என்றானாம். நோய் முற்றிய கிழட்டுப் பூனை. எடுக்க ஆளில்லாததால் ஊசி போட்டுவிட்டார்கள். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். ஜென்சி "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பிரசாந் மறுக்கவில்லை. "சொன்னா நீ அழுவாய் எண்டுதான் சொல்லேல்லை."

"நான் அழேல்லையோ? கோடை முழுக்க என்ன செய்தனான்?" அவள் குரல் உயரவில்லை. "நோட்டீஸ் ஒட்ட நீங்களும் தானே வந்தனீங்கள்?"

"உன்னைத் தனிய எப்பிடி விடுறது?"

அவன் அதை உண்மையான அக்கறையோடு சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அன்றைக்கே தன் தலையணையையும் பிஞ்சுவையும் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போனாள். வீட்டை விட்டுப் போகவில்லை. போய் எங்கே இருப்பது என்று பலமுறை யோசித்தாள். பிஞ்சுவோடு அவளை வைத்திருக்க ஒருவரும் இல்லை.

ஒக்டோபரில் புது வீட்டுக்குக் குடிபூரல் விருந்து வைத்தார்கள். ஃபாதர் வந்து வீட்டை ஆசீர்வதித்துவிட்டுப் போனார். சாப்பாட்டு மேசையில் யாரோ கறுவலை விசாரிக்க, பிரசாந் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "கார்க் கதவைத் திறந்த உடனை…" என்று தொடங்கினான்.

"ஓடேல்லை," என்றாள் ஜென்சி. கையில் கட்லட் தட்டு இருந்தது. "இவர்தான் ஒழுங்கையில கொண்டுபோய் விட்டவர். காப்பகத்திலயிருந்து கேட்டதுக்கு எங்கட இல்லை எண்டும் சொன்னவர். அதை ஊசி போட்டுச் சாகடிச்சிட்டினம்."

பிரசாந் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் துஷாந்தினி எழும்பி வந்து அவள் தோளைத் தட்டினாள்.

"சரி விடும், ஜென்சி. பூனை தானே?"

வந்திருந்தவர்களுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஒருவர் தரைக்கு எந்த மரம் போட்டது என்று பிரசாந்தைக் கேட்டார். அவன் உற்சாகமாக விளக்கத் தொடங்கினான். ஜென்சி தட்டை மேசையில் வைத்துவிட்டு, பிஞ்சு இருந்த மாடி அறைக்கு ஏறினாள்.