வசந்தா எடுத்த வால்நட்சத்திரம்

வசந்தா எனக்கு உதவியாக இருந்தவர் என்று நம் வானியல் சங்கத்தின் இரங்கல் குறிப்பில் போட்டிருக்கிறீர்கள். தவறு. அந்த வால்நட்சத்திரப் படத்தை எடுத்தவள் அவள். உதவியாக இருந்தவள் நான்.

போன வாரம் காலையில் கீழ்பென்னாத்தூரிலிருந்து அவள் மகன் பேசினான். "அத்தை, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றான். வசந்தா என் கணவரின் தங்கை. அவர் மறைந்த பிறகு அவருடைய டெலஸ்கோப்பைத் துடைத்து மூடியே வைத்திருந்தேன். அவள்தான் வந்து உறையை எடுத்தாள். "பூஜை பண்றதுக்கா அண்ணி இதை வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

வேங்கிக்காலில் என் வீட்டிலிருந்து பார்த்தால் வால்நட்சத்திரம் தெரிந்த மேற்கு வானத்தை மலை மறைக்கும். அதனால் பொழுது சாயும் நேரத்தில் அடி அண்ணாமலையில் தெரிந்தவர் வீட்டு மொட்டைமாடிக்குப் போனோம். எதிர்க்கடை டியூப்லைட் வெளிச்சம் டெலஸ்கோப்பில் படாமல் குடை விரித்துப் பிடிப்பது என் வேலை. கிரிவலம் போகிற ஒருவர் கீழேயிருந்து, "மழையே இல்ல, கொடை எதுக்கும்மா?" என்றார். கண்ணை எடுக்காமலே வசந்தா சொன்னாள்: "எங்க அண்ணிக்கு டியூப்லைட்டு ஒத்துக்காதுங்க." நான் சிரித்துவிட்டேன். "சிரிக்காதீங்க, மாடியே ஆடுது" என்று அதட்டினாள்.

வால்நட்சத்திரம் மற்ற நட்சத்திரங்களுக்கு நடுவே மெல்ல நகரும். கேமரா திறந்திருந்த நேரம் முழுவதும், டெலஸ்கோப்போடு பொருத்திய சிறு குழாயில் அதன் தலையைப் பார்த்தபடி, டெலஸ்கோப்பை நகர்த்தும் திருகைக் கையாலேயே மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். கழுத்து பிடித்துக்கொண்டது, விடவில்லை.

படத்தில் வால்நட்சத்திரம் கூர்மையாக விழுந்தது. நட்சத்திரங்கள் எல்லாம் சிறு கோடுகளாக இருந்தன. நம் சங்கம் வைத்த கண்காட்சியில் ஒருவர், "கேமரா ஆடிடுச்சு போல" என்றார்.

"ஆடல சார். நான் அது கூடவே போனேன். நின்னதெல்லாம் கோடாயிடுச்சு" என்றாள் வசந்தா.

அன்று அவள் பக்கத்தில் நின்றபோது எனக்கு வந்த பெருமை, கான்வென்ட்டில் நான் வாங்கிய எந்தப் பதக்கத்திலும் வந்ததில்லை.

டெலஸ்கோப் எங்கள் வீட்டுடையது என்பதால் படத்தின் கீழே என் பெயரைப் போட்டீர்கள். அன்றே சொன்னேன், மாற்றவில்லை. "விடுங்க அண்ணி, அண்ணன் டெலஸ்கோப்புதானே, யார் பேர் இருந்தா என்ன?" என்றாள் வசந்தா. அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்தப் படத்தின் முதல் பிரதியை என் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அதன் கீழே அவள் பெயர்தான் இருக்கிறது. சங்கத்தில் உள்ள படத்திலும், வரும் இதழிலும் அதே பெயர் வர வேண்டும். மாற்றியதும் எனக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். போனில் சொல்ல வேண்டாம்.