தள்ளுகிற கைப்பிடி

அந்தக் கைப்பிடியை வரைந்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடற்படை ரோந்துப் படகு ஒன்றுக்கு எங்கள் சின்னக் கம்பெனி அவசரக் கதவு செய்துகொண்டிருந்தது. படகுக்குள் தண்ணீர் ஏறினால், அறையில் மாட்டிக்கொண்டவர் அதைத் திறந்து வெளியேற வேண்டும். கைப்பிடியை முன்னால் தள்ளினால் பூட்டு விடுபடும். அலையில் படகு ஆடும்போது யாராவது பிடித்துத் தொங்கிக் கதவு திறந்துவிடக் கூடாதென்று அப்படி வைத்தேன். கம்ப்யூட்டரில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையில், அந்த அறையின் அளவுக்கு இரும்புத் தொட்டி செய்து, கதவைப் பொருத்திச் சோதித்தோம். உள்ளே போகத் தண்ணீருக்குப் பயப்படாத ஆள் வேண்டும். எங்கள் கடலோர ஊரான பெரியதாழையிலிருந்து என் அக்கா புருஷனைக் கூட்டி வந்தேன். ஆயுசெல்லாம் சங்கு குளித்தவர்.

விளக்கை அணைத்துத் தண்ணீரை ஏற்றினோம். கழுத்தளவு வந்தும் கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து இரும்பை அடிக்கிற சத்தம். ஐயோ, அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன்! ஓடிப்போய் வெளித் தாழ்ப்பாளைத் திறந்தேன். தண்ணீரோடு வந்து தரையில் விழுந்தார். கைப்பிடியை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"தள்ளணும்னு காலையிலயே நாலு தடவ சொன்னேனே மச்சான்!" என்று கத்தினேன். பயம்தான் கோபமாக வந்தது.

"சொன்னா போதுமாலே? கடலுக்கடியில மூச்சு முட்டுனா இடுப்புல கட்டுன கயித்த இழுக்கணும், மேல வள்ளத்துல நிக்கவன் தூக்குவான். கைக்கு அதுதான் தெரியும்."

மேலாளர் படிவத்தை நீட்டினார். "உள்ளே இருந்தவர் தவறு, கதவில் குறை இல்லைன்னு எழுதுங்க. நாளைக்கு ஆபீசர்ங்க வர்றாங்க."

எழுதினேன். வேலை போய்விடுமே என்ற பயம், வேறென்ன?

மச்சான் தலையைத் துவட்டிக்கொண்டே பார்த்தார். "ஏலே, ஒரு தடவ நீ உள்ள போயிட்டு வந்து கையெழுத்துப் போடு."

எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். படிக்கப் போகுமுன் இரண்டு வருஷம் அவரோடு நானும் சங்கு குளிக்கப் போனவன். தண்ணீர் எனக்கு என்ன புதுசா?

இருட்டு. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. தள்ளணும், தள்ளணும் என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. தண்ணீர் தாடையைத் தொட்டதும், "மாதாவே!" என்று அலறிக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். "தள்ளுலே! தள்ளு!" என்று வெளியே மச்சான் கத்துவது நன்றாகக் கேட்டது. கேட்டும் கை இழுத்தது. நான் வரைந்த கதவுக்குள் நானே சாகப்போகிறேன் என்று நினைத்தேன்.

மச்சான்தான் திறந்தார். துண்டை நீட்டினார்.

படிவத்தில் 'உள்ளே இருந்தவர்' என்பதை அடித்துவிட்டு 'வரைந்தவர்' என்று எழுதினேன். 'கதவில் குறை இல்லை' என்பதையும் அடித்து, இழுத்தால் திறக்கும்படி மாற்ற வேண்டும் என்று எழுதினேன்.

மேலாளருக்கு முகம் சிவந்தது. "படகுல வர்றவங்க எல்லாம் உங்க ஊர்ல சங்கு குளிச்சவங்களா? பழக்கினா தள்ளுவாங்க."

"அப்ப ஒரு தடவ நீங்க போய்ட்டு வாங்க சார்."

கதவைத் திறந்து பிடித்தேன். உள்ளே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அந்த இருட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, நான் திருத்தியதன் கீழே கையெழுத்துப் போட என்னிடம் பேனாவைக் கேட்டார்.