செல்வராஜ் வண்டியின் கியர் பாக்ஸ்

மெக்கானிக் தொழிலில் எஞ்சின் நின்றுபோன வண்டியைச் சரிசெய்தால் மாலை போடாத குறைதான். எண்ணெய் ஒழுகும் வண்டியைச் சரிசெய்தால் அதை யாரும் ஒரு வேலையாகவே மதிப்பதில்லை. சரிசெய்ய முடியாவிட்டாலோ தெருவே மதிப்பெண் போடும், ஏனென்றால் ஒழுகல் தரையில் எழுதிவைத்துவிட்டுப் போகிறது. பழைய வண்டி வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கீழே எழுதியிருப்பதில் ஒரு பகுதியை நான் பல வருஷங்களாகச் சந்தேகித்து வருகிறேன். அது நான் கண்ணால் பார்த்ததல்ல, ஒருவர் சொல்லிக் கேட்டது. அதை நம்பித்தான் இந்தத் தொழிலில் தங்கினேன் என்பதால் சந்தேகத்தை மூடியே வைத்திருந்தேன்.

அட்டை

தொண்ணூறுகளின் பின்பாதி. மர்பி டவுனில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே என் ஒர்க் ஷாப். செல்வராஜ் அண்ணா அதே தெருக்காரர். பழைய டீசல் வேன் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போய் இறக்குவது அவர் பிழைப்பு. யாரையும் பாராட்டியதாகச் சரித்திரம் கிடையாது. காபி நன்றாக இருந்தால், "இன்னைக்கு என்ன, தவறிப்போய் தூள் ஜாஸ்தி விழுந்துடுச்சா?" என்று கேட்கிற ஆள்.

அந்த வேனின் கியர் பாக்ஸ் பின்பக்கத்தில் எண்ணெய் சொட்டும். எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை, ஆயில் சீலை, மாற்றுவேன். சில வாரம் காய்ந்திருக்கும், பிறகு மறுபடியும் சொட்டும். பள்ளி வாசலில் நிற்கும்போது வேனுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துவைப்பார். ஒருநாள் காற்றில் அட்டை நகர்ந்துவிட்டது. பிள்ளைகள் எண்ணெயை மிதித்து வகுப்பு வரைக்கும் தடம் பதித்துவிட்டார்கள். தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டுத் தரையைக் காட்டி, கோபமே இல்லாமல் கன்னடத்தில் சொன்னாராம், இந்த மாதம்தான் கடைசி என்று: "ஈ திங்களே கொனே, செல்வராஜ்."

ஊறுகாய்

ஜே.சி. ரோட்டில் கவுஸ் பாயின் உதிரிபாகக் கடை. சீல் வாங்க அடிக்கடி போய் அவர் கடையில் எனக்கென்று ஒரு ஸ்டூலே ஒதுக்கியாகிவிட்டது. நான் செய்யாததில்லை. வேறு வேறு கம்பெனி சீல் போட்டேன். சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட் தேய்ந்திருக்குமோ என்று லேத்தில் கொடுத்து மெருகேற்றினேன். எண்ணெய் அதிகமாக ஊற்றிவிட்டேனோ என்று அளவைக் குறைத்தும் பார்த்தேன்.

ராத்திரி படுத்தால் என் கைமேலேயே சந்தேகம் வரும். நான் கற்ற வேலை உண்மையில் வேலைதானா, அல்லது தானாகச் சரியாகும் வண்டிகளுக்குப் பக்கத்தில் இத்தனை நாள் ஸ்பானரோடு நின்றுகொண்டிருந்தேனா? இதை பாயிடம் சொன்னபோது அவர் அடுத்த சீலைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே கேட்டார்: "சீல் மாத்துறியா மணி, இல்ல ஊறுகாய் போடுறியா?"

வீட்டுக் குழாய்

அந்த நாட்களில் சோற்றைப் பிசைந்தபடி கியர் பாக்ஸை யோசிப்பேன். இந்த வேலையில் தோற்றால் கடையை மூடிவிட்டு, எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி வண்டி ஓட்டும் ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அங்கே எல்லாம் புது வண்டி. மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "போறதுன்னா போங்க. அதுக்கு முன்னாடி நம்ம சமையலறைக் குழாயும் ஒழுகுது, அதை ஒருக்கா பாத்துட்டுப் போங்க."

பாய் சொன்னது

கடையை மூடும் செய்தியைச் சொல்லத்தான் பாயிடம் போனேன். அவர் தேநீர் வரவழைத்தார். முந்தின நாள் செல்வராஜ் அங்கே வந்தாராம். பாய் அவர்மேல் பரிதாபப்பட்டு, சிவாஜி நகரில் நல்ல ஆள் ஒருவர் இருக்கிறார், அங்கே காட்டுங்கள் என்றாராம். செல்வராஜ் மறுத்துவிட்டாராம்.

செல்வராஜாவது எனக்காக மறுப்பதாவது! என்ன சொல்லி மறுத்தார் என்று கேட்டேன். பாய் அவரைப் போலவே கழுத்தைச் சாய்த்துச் சொல்லிக் காட்டினார்: "வேணாம் பாய். என் வண்டி ஒழுகினா எனக்குக்கூட தூக்கம் வருது, அவனுக்கு வரல. கண்டுபிடிக்கிறதுன்னா அவன்தான் கண்டுபிடிப்பான்."

சோடா

வேலையில் சேரப் போவதாகச் சொன்ன நாளில் நான் போகவில்லை. அந்த வாரமே, மத்தியானம் பள்ளி விட்டதும், பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு செல்வராஜ் நேரே கடைக்கு வந்தார். வண்டி கொதித்துக்கொண்டிருந்தது. ஆறின பிறகு கைவைப்பதுதான் என் வழக்கம், அப்படித்தான் பழகியிருந்தேன். அன்று மாதம் முடிய இரண்டு மூன்று நாள்தான் பாக்கி, காத்திருக்கப் பொறுமையில்லை. சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு, கீழே படுத்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகினேன். சோடா பாட்டில் உடைத்த மாதிரி 'புஸ்'ஸென்று காற்று சீறியது.

அப்படியே படுத்துக்கிடந்தேன். கியர் பாக்ஸின் உச்சியில் ஒரு மூச்சுத் துளை உண்டு, பிரீதர் என்போம். எண்ணெய் சூடாகும்போது உள்ளே பெருகும் காற்று அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அது அடைத்துக்கொண்டால் காற்று எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் சீலைத் தள்ளும், எந்தக் கம்பெனி சீலானாலும் சரி. சீல் மாற்ற பின்பக்க ஷாஃப்டைக் கழற்றினால் போதும் என்பதால் நான் அந்த உச்சியைப் பார்த்ததே இல்லை. வண்டி ஆறியதும் அழுத்தமும் அடங்கிவிடும், அதனால் இந்தச் சத்தத்தையும் கேட்டதில்லை.

வேனுக்குள் ஏறி, கியர் கம்பியைச் சுற்றியிருந்த தகட்டைக் கழற்றினேன். பிரீதர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கட்டி. சுரண்டினால் பெயிண்ட், அதற்குக் கீழே இன்னொரு பூச்சு, அதற்கும் கீழே இன்னொன்று. எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனைக்குப் போகுமுன் வண்டியின் அடிப்பாகத்துக்குக் கறுப்பு அடிப்பது எல்லோரும் செய்வதுதான், ஆனால் அதிகாரி குனிந்தால் தெரிகிற இடம் வரைக்கும்தான் அடிப்பார்கள். செல்வராஜ் வருஷா வருஷம் தகட்டைத் திறந்து, யாரும் பார்க்காத உச்சிக்கும் தன் கையாலேயே பிரஷ் போட்டிருக்கிறார். கம்பியால் துளையைத் திறந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "பவுடர் போட்டு அழகு பாக்கறோம்னு நெனச்சேன் மணி. உயிரோட இருக்கறதுக்கு மூக்குல பஞ்சு வெச்சிருக்கேன்!"

காய்ந்த அட்டை

கடைசியாக ஒரு புது சீல் போட்டேன். மாதம் முடிகிற அன்று அவர் தலைமையாசிரியையிடம் புதிதாக விரித்த அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினார். அந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'சரி, நடக்கட்டும்' என்று தலையசைத்தாராம். பள்ளி வேலை அவர் கையிலேயே நின்றது. மறுநாள் அதே அட்டையோடு என் கடை வாசலில் வந்து நின்றார். நான் பாராட்டை எதிர்பார்த்து எழுந்து நின்றேன், மனிதன்தானே. அவர் கேட்டார்: "ஒரு சொட்டுகூட இல்லையே. உள்ள ஆயில் ஊத்துனியா, இல்லையா?"

ஸ்டூல்

செல்வராஜ் இப்போது இல்லை. அந்த வேனும் இல்லை. நான் இருக்கிறேன், கடை இருக்கிறது, எந்த வண்டி வந்தாலும் முதலில் அது மூச்சு விடுகிறதா என்று பார்க்கிறேன். ஆனால் வயது ஏற ஏற ஒன்று உறுத்தியது. காபியைக்கூடப் பாராட்டாத மனிதர் என்னைப் பற்றி அப்படிச் சொல்லியிருப்பாரா? அவர் உயிரோடு இருந்தபோது கேட்கத் துணிவு வரவில்லை. கேட்டிருந்தால் நிச்சயம் மறுத்திருப்பார். அது உண்மையாக இருந்தால் இன்னும் பலமாக மறுத்திருப்பார்.

போன வாரம் ஜே.சி. ரோட்டுக்குப் போனேன். கல்லாவில் பாயின் மகன். பாய் உள்ளே நாற்காலியில் சாய்ந்திருந்தார். என் ஸ்டூல் அதே இடத்தில் இருந்தது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமலே இத்தனை வருஷம் நன்றியோடு இருந்துவிட்டேன், இனி ஆளையாவது தெரிந்துகொள்வோம் என்று உட்கார்ந்து, தேநீர் வந்ததும் கேட்டேன்: "பாய், அன்னைக்கு செல்வராஜ் அண்ணா நெஜமாவே அப்படிச் சொன்னாரா, இல்ல சீல் வாங்கற கிராக்கி ஒண்ணு போயிடுமேன்னு நீங்களே சொன்னதா?"