கொல்லையில் ஒரு மூடி

கழிவறையில் ஊற்றிய தண்ணீர் கீழே போகாமல் மேலே வரத் தொடங்கிய பிறகுதான், இந்த வீட்டில் நான் தனியாக இருக்கிறேன் என்பது எனக்கு முழுதாக உறைத்தது. அதுவரை தனிமை என்பது டிவி சத்தத்தைக் கூட்டினால் சமாளித்துவிடக்கூடிய ஒன்றாகத்தான் இருந்தது.

முதலில் கடகடவென்று ஒரு சத்தம் வரும். பிறகு தண்ணீர் விளிம்பு வரை ஏறி, கொஞ்ச நேரம் நின்று, மனம் வந்தால் இறங்கும். மழை பெய்த நாட்களில் அந்த மனமும் வராது. கொல்லைப் பக்கம் போனால் நாற்றம் குடலைப் பிடுங்கும். கடையில் விற்கிற மருந்தையெல்லாம் ஊற்றிப் பார்த்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை.

லாபுவில் ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது நாங்கள் வாங்கிய வீடு இது. அப்போது இந்த வரிசை முழுக்க நம் ஆட்கள். இப்போது ஒவ்வொருவராக ராசா, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். நடுவில் நான் இருக்கிறேன். கடைசி வீட்டில் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விடிவதற்கு முன் செம்பனைக் காட்டு வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார்கள்.

வேறு வழியில்லாமல் காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெட்ரோல் நிலையத்துக்குப் போக ஆரம்பித்தேன். சொந்த வீடு வைத்திருக்கிற மனிதன் வெளிக்குப் போக எண்ணெய் போட்டுக்கொண்டு போகிற கதையை எங்கே போய்ச் சொல்ல? வேலையை முடித்துவிட்டு வெறுங்கையோடு வரக் கூச்சமாக இருந்ததால் தினமும் ஒரு தமிழ்ப் பத்திரிகை வாங்கினேன். கல்லாவில் இருந்த மலாய்ப் பெண் என்னைப் பெரிய படிப்பாளி என்று நினைத்திருப்பாள். என் மோட்டார் சத்தம் கேட்டாலே பத்திரிகையை எடுத்து வைத்துவிட்டு, சாப்பிட்டாச்சா பாக்சிக் என்று மாமா முறை வைத்துக் கேட்பாள். அந்த நாட்களில் என்னோடு முகம் பார்த்துப் பேசிய ஒரே ஆள் அவள்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு கேள்விக்காகவே சில நாள் சீக்கிரம் கிளம்பினேன்.

ராசாவில் இருக்கும் என் மகளிடம் இதை ரொம்ப நாள் மறைக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்தாள். கழிவறைக்குள் போன பேத்தி போன வேகத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. காரில் ஏறுவதற்கு முன் மகள் சொன்னாள்.

“இந்த மாசத்துக்குள்ள சரி பண்ணிருங்கப்பா. இல்லன்னா வீட்ட வித்துட்டு எங்களோட வந்துருங்க. உங்கள இப்படி விட்டுட்டு எனக்குத் தூக்கமே வரல.”

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவள் வீட்டில் நான் சோபாவின் ஓரத்தில் உட்காருகிறவன். அங்கே கழிவறை வெள்ளைவெளேரென்று இருக்கும். போய்விட்டு வந்தால் காலடி பட்ட இடத்தையெல்லாம் துடைக்க வேண்டும் போலிருக்கும். என் மனைவி நடமாடியதும் கண்ணை மூடியதும் இந்த வீட்டில்தான். இதை விட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

சிரம்பானிலிருந்து மலத்தொட்டி உறிஞ்சும் லாரியை வரவழைத்தேன். மலாய்க்கார டிரைவரும் கூட ஒரு ஆளும் வந்தார்கள். குழாயை இழுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்த டிரைவர் தொட்டி மூடி எங்கே என்று கேட்டார். கொல்லையைப் பார்த்தேன். வேலி வரைக்கும் ஒரே சிமெண்ட்.

அது மகள் கல்யாணத்துக்குப் போட்ட சிமெண்ட். சமையல் எல்லாம் கொல்லையில்தான். அந்த வாரம் பார்த்து விடாத மழை. சேற்றில் அண்டா நிற்காது, எவனாவது வழுக்கி விழுந்தால் நான் பொறுப்பில்லை என்று சமையல்காரர் முறுக்கிக்கொண்டார். அவசரம் அவசரமாக ஆள் பிடித்துச் சிமெண்ட் போட்டு மெழுகிவிட்டோம். கல்யாண வீட்டில் மலத்தொட்டியை யார் நினைப்பார்கள்? சாம்பார் கொதிக்கிற இடத்தில் அந்தப் பேச்சை எடுக்க யாருக்கு வாய் வரும்? மூடி அடியில் போய்விட்டது.

டிரைவர் இரும்புக் கம்பியால் இங்கும் அங்கும் தட்டிப் பார்த்தார். எங்கே தட்டினாலும் ஒரே சத்தம்தான். குழாய் சுவரைத் தாண்டுவது தெரிந்தது, அதற்கு மேல் எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரியவில்லை. மொத்தத்தையும் உடைக்க முடியாது, இடம் தெரியாவிட்டால் புதுத் தொட்டிதான் கட்ட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, லாரி நிழலில் போய்ச் சிகரெட் பற்றவைத்தார்.

யாரைக் கேட்பது? தொட்டி கட்டிய கொத்தனார் போய்ச் சேர்ந்துவிட்டார். மனைவிக்குத் தெரிந்திருக்கும். இந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்பது எப்போதும் அவளுக்குத்தான் தெரியும். நான் நின்ற இடத்திலிருந்து குரல் கொடுக்கிறவன் மட்டும். அன்றைக்கும் வாய் தன்னால் திறந்துவிட்டது. கேட்பதற்கு ஆள் இல்லை. கண் கலங்கியது. கிழவன் மலத்தொட்டிக்காக அழுகிறான் என்று டிரைவர் நினைத்துவிடப் போகிறாரே என்று சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் முன்பு பக்கத்து வீட்டில் இருந்த அம்மாவின் ஞாபகம் வந்தது. என் மனைவியின் தோழி. இப்போது சுங்கை காடுட்டில் மகனோடு இருக்கிறார். போன் அடித்தேன். நலம் விசாரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

“அக்கா கோலம் போட்டாங்களேண்ணே, அதுக்கு அடியிலதான்லா. சிமெண்டு காயறதுக்குள்ள குச்சியால போட்டாங்க. பின்னால ஒடைக்கணும்னா எடம் தெரியணும்னு சொன்னாங்க. உங்ககிட்டயும் சொன்னாங்களே, நீங்க பந்தல்காரரோட பேசிக்கிட்டு இருந்தீங்க.”

வேலியோரத்தில் குப்பைத் தொட்டியை நகர்த்தினேன். அதன் அடியில் கோலம் இருந்தது. வாசலில் போட வேண்டியதைக் கக்கூஸுக்குப் பின்னால் போட்டிருக்கிறாளே, யாரை வரவேற்க என்று கல்யாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அன்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

தண்ணீர் ஊற்றித் தேய்த்ததும் பாசி போய்ப் புள்ளிகள் தெரிந்தன. ஓரத்தில் வளைந்த ஒரு தடம் இருந்தது. குனிந்து போட்டபோது அவள் வளையல் ஈரச் சிமெண்டில் பட்டிருக்கிறது. லாரி ஆள் சம்மட்டியோடு நின்றார். இதை உடைக்காமல் முடியாதா என்று கேட்டேன். டிரைவர் கோலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முடியாது என்று தலையாட்டினார். சம்மட்டியை வாங்கி முதல் அடியை நானே போட்டேன். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். மூடி சரியாகக் கோலத்தின் நடுவில் இருந்தது.

அன்று சாயங்காலம் தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கியது. ஒரு ஆள்தானே, இனி பல வருஷத்துக்குத் தொட்டி நிறையாது என்று டிரைவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நல்ல செய்தியாகத்தான் சொன்னார். கோலத் துண்டுகளைக் கழுவி, சிமெண்ட் வைக்காமல் மூடியின் மேல் பொருத்தி வைத்தேன். வளையல் தடம் இருந்த துண்டை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பெட்ரோல் நிலையத்துக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் பத்திரிகை வாங்கப் போனேன். அங்கிருந்தே மகளுக்குப் போன் அடித்தேன். சரியாகிவிட்டது என்றதும் சந்தோஷப்பட்டாள். வீட்டை விற்கிற பேச்சை எடுக்கவில்லை. மூடி எங்கே இருக்கிறது என்று நீயாவது தெரிந்து வைத்துக்கொள், வேலியோரத்தில் அம்மா உன் கல்யாணத்துக்குப் போட்ட கோலம் இருக்கிறதே என்று ஆரம்பித்தேன். பின்னால் ஹாரன் சத்தமும், பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று பேத்தி கத்துவதும் கேட்டது.

“சரிப்பா, சரிப்பா. ரோட்டுல ஜாம்லா, அப்புறம் பேசுறேன்.”

தொட்டி மூடி எங்கே இருக்கிறது என்பது இப்போது எனக்கும் சுங்கை காடுட் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.