ஜெபக்குறிப்பும் ஜன்னல் சீட்டும்

நான் பக்தி மார்க்கத்துக்கு வந்ததுக்குக் காரணம் என் இடது முட்டி. இதை மொதல்லயே சொல்லிடறேன். அப்புறம் யாரும் என்னைப் பெரிய ஆன்மீகவாதின்னு நெனச்சு ஏமாறக் கூடாது பாருங்க.

பேரு முனிரத்தினம். பம்மல்ல பொறந்து பம்மல்லயே வளந்தவன். பீச் ஸ்டேஷன் பக்கத்துல ஒரு கிளியரிங் ஆபீஸ்ல பில் போடற உத்தியோகம். தினம் ஷேர் ஆட்டோல பல்லாவரம் வந்து டிரெயின் புடிக்கணும். வண்டி தாம்பரத்துல கெளம்பும்போதே சீட்டெல்லாம் ரொம்பிடும். பல்லாவரம் வரும்போது நிக்கறதுக்கே கெஞ்சணும். முட்டி தேஞ்சு போச்சு, ரொம்ப நேரம் நிக்காதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். அவருக்கென்ன, கார்ல போறவரு.

ஒரு நாள் கவனிச்சேன். முதல் பெட்டியில ஒரு பஜனை கோஷ்டி. தாம்பரத்துலயே ஏறி, பையைப் போட்டு, வழியில ஏறுற தங்களோட ஆளுங்களுக்கு இடம் புடிச்சு வெச்சுக்கறாங்க. அடடா, இத்தனை வருஷம் இது தெரியாம நாத்திகனாட்டம் நின்னுக்கிட்டே போயிருக்கோமேன்னு மறுநாளே நெத்தி நெறைய விபூதியோட போய்ச் சேந்தேன்.

கையில ஜால்ராவைக் குடுத்தாங்க. எனக்கும் தாளத்துக்கும் ஏழாம் பொருத்தம். எல்லாரும் மீனம்பாக்கத்துல இருந்தா நான் கிண்டியில இருப்பேன். கோஷ்டித் தலைவர் நல்ல மனுஷன். "சார், நீங்க மனசுக்குள்ளயே பாடுங்களேன், பகவானுக்கு அதுதான் ரொம்பப் புடிக்கும்"னார். மனசுக்குள்ள பாடறவனுக்கு எதுக்கு சீட்டு? அடுத்த வாரம் என் எடத்துல ஒரு கஞ்சிராக்காரர் உக்காந்திருந்தார்.

அடுத்தது தியானம். குரோம்பேட்டையில ஒரு மண்டபத்துல இலவச வகுப்பு. மூச்சைக் கவனி, எண்ணத்தை விடுன்னு சொல்லிக் குடுத்தாங்க. நான் அதுல புடிச்சுக்கிட்டது ஒரே பாடம்: கண்ணை மூடி முதுகை நிமித்தி உக்காந்துட்டவனை எந்தக் கெழவரும் எழுப்ப மாட்டார். ஆனா மொதல்ல உக்காரணுமே! சரி, நின்னுக்கிட்டே பண்ணிப் பாப்போம்னு ஆரம்பிச்சேன். மூச்சைக் கவனிச்சேன். எண்ணத்தை விட்டேன். அப்படியே கைப்பிடியையும் விட்டுட்டேன்.

போய் விழுந்தது ஒரு முஸ்லிம் பாயோட மடியில. வெள்ளைத் தாடி, கையில தஸ்பீஹ் மணி, உதடு மட்டும் அசைஞ்சுக்கிட்டிருந்தது. மனுஷன் ஒரு வார்த்தை திட்டல. "முட்டியா? உக்காருங்க"ன்னு எழுந்து நின்னு, விட்ட எடத்துலேர்ந்து மணியை உருட்ட ஆரம்பிச்சுட்டார். மறுநாளும் மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு அவர் பக்கத்துல போய் நின்னேன். மறுநாளும் எழுந்தார். அவருக்கு என்னைவிட வயசு அதிகம். அதுக்கு மேல எனக்கே அசிங்கமா இருந்தது. எனக்கே இருந்ததுன்னா பாத்துக்குங்க.

கடைசியா கரை சேந்தது நடுப்பெட்டி ஜெபக் கூட்டத்துல. தபீதாள் அக்காதான் அதுக்குத் தலைவி. தாம்பரத்துல வீடு, கோட்டை பக்கம் கவர்மென்ட் ஆபீஸ்ல வேலை. வலது கையா ஏசுதாசன், ஒரு பேங்க்ல அட்டெண்டர், குரல் மட்டும் மேனேஜர் குரல். "நான் இந்து, வரலாமா?"ன்னு கேட்டேன். "ஆண்டவர் சமூகத்துக்கு யாரும் வரலாம் பிரதர்"னு சொல்லி, தன் டிபன் பையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு எடம் குடுத்தாங்க அக்கா. தாளம் கிடையாது, ஜால்ரா கிடையாது. சைதாப்பேட்டை வரைக்கும் பாட்டு, அப்புறம் ஜெபம். நமக்குக் கண்ணை மூடிக்கிட்டு ஆமென் சொல்றதுதான் வேலை.

ஆனா ஒரு பேஜார் இருந்தது. தினமும் ஒவ்வொருத்தரும் ஒரு ஜெபக்குறிப்பு சொல்லணும். அதாவது, இன்னின்ன கஷ்டம், இதுக்காக வேண்டிக்குங்கன்னு. என் முட்டி ஒரு வாரம் தாங்குச்சு. அப்புறம் முதலாளியோட கோவம். அப்புறம் மச்சானுக்குத் துபாய் விசா. வேண்டிட்டு மறந்துடுவாங்கன்னு நெனச்சேன். இவங்களா மறப்பாங்க? "பிரதர், மச்சானுக்கு விசா வந்துச்சா?" "முதலாளி எப்படி இருக்கார் பிரதர்?" விசாவே கேக்காத மச்சானுக்கு நான் எங்கேர்ந்து விசா கொண்டு வர்றது? சட்டுனு தீராத கஷ்டமா ஒண்ணு வேணும்னு தோணிச்சு.

அன்னிக்குக் காலைல என் சம்சாரம் கங்கா அடுப்புகிட்ட நின்னு தோசை ஊத்திக்கிட்டிருந்தா. ஒரு கையில கரண்டி, இன்னொரு கையால அடிவயித்தை அமுக்கிப் புடிச்சிருந்தா. அதைப் பாத்தேன். தோசையைத் தின்னுட்டுக் கெளம்பிட்டேன். வண்டியில என் முறை வந்தப்ப அந்தக் காட்சி நாக்குல வந்து உக்காந்துது. "வீட்ல அவளுக்கு வயித்து வலி, அக்கா. துடிக்கறா"ன்னுட்டேன்.

அவ்வளவுதான். தபீதாள் அக்கா கண்ல தண்ணி. ஏசுதாசன் கர்த்தரைக் கூப்பிட்ட சத்தத்துல முதல் பெட்டி பஜனையே ஒரு நிமிஷம் நின்னுது. அப்புறம் தினமும் கங்காவுக்குத்தான் ஜெபம். வெள்ளிக்கிழமை ரெண்டு பேர் உபவாசம் வேற. எனக்கு ஜன்னல் சீட்டு குடுத்துட்டாங்க, கவலையில இருக்கறவருக்குக் காத்து வரட்டும்னு. வெக்கமில்லாம காத்து வாங்கினேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை, நான் பனியனோட நின்னு கத்திக்கிட்டிருக்கேன். "இன்னா வூடு இது! ஒரு சட்டையிலயாவது ஒழுங்கா பட்டன் கீதா?" என் கோவம் எங்க தெருவுல பிரசித்தம். அந்த நேரம் பாத்து கேட்டுல தபீதாள் அக்கா, ஏசுதாசன், பின்னால நாலஞ்சு பேர், கையில சாத்துக்குடி, ஹார்லிக்ஸ். சர்ச் முடிச்சு, ஷேர் ஆட்டோ புடிச்சு, விசாரிச்சு வந்துட்டாங்க.

கங்கா ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டு வந்தா. திடமா, முழுசா, ஒரு கொறையும் இல்லாம. செத்தோம்டா முனிரத்தினம்னு நெனச்சேன். அக்கா அவ கையைப் புடிச்சு, "வயித்து வலி இப்ப எப்படிம்மா இருக்கு? உனக்காகத்தான் தினமும் வேண்டிக்கறோம். உன் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி உருகறார்"னாங்க.

கங்கா என்னைப் பாத்தா. 'இந்த ஆளுக்குப் பைத்தியமா'ன்னு கேக்கப் போறான்னு காத்திருந்தேன். அவ கேக்கல. அப்படியே தரையில உக்காந்தா.

"நான் யார்கிட்டயும் சொல்லலியே"ன்னா. "தீபாவளிலேர்ந்து வலிக்குது. ராத்திரி வந்தா துணியைக் கடிச்சுக்குவேன். இவருக்குத் தூக்கம் கெட்டா கத்துவாரு." அப்புறம் அக்கா தோள்ல சாஞ்சு, சின்னப் புள்ள மாதிரி அழுதா. நான் பனியனோட அப்படியே நின்னேன்.

அவங்க ஜெபம் பண்ணிட்டுப் போனப்புறம் கங்கா என்னை ஒரு பார்வை பாத்தா. கல்யாணமான புதுசுல பாத்தது, அதுக்கப்புறம் இல்ல. அந்தப் பார்வையை எனக்குத் தாங்க முடியல. உண்மையைச் சொல்லிட்டேன். "கங்கா, நான் சீட்டுக்காகச் சொன்னேன். உனக்கு வலின்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கு அடுப்புகிட்ட நீ வயித்தைப் புடிச்சதைப் பாத்தேன், அதை வெச்சு அளந்து விட்டேன்."

சண்டை போடுவான்னு பாத்தா, சாத்துக்குடியை எடுத்துத் தட்டுல அடுக்கினா. "பாத்தீங்க இல்ல?"ன்னா. "ஊருக்கெல்லாம் சொன்னீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே."

மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு அவளை டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன்.

பம்மல் டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பாத்து, கர்ப்பப்பையில கட்டி இருக்கு, என்ன கட்டின்னு சோதிச்சாகணும், பெரியாஸ்பத்திரிக்குப் போங்கன்னுட்டாங்க. அந்த வாரம் நான் எல்லார்கிட்டயும் போனேன். பஜனைத் தலைவர்கிட்ட சொன்னேன். அவளுக்காக ஒரு அம்மன் பாட்டு பாடினார், நான் மனசுக்குள்ளயே பாடினேன். பாயைத் தேடிப் புடிச்சேன். "துஆ செய்யறேன், பயப்படாதீங்க"ன்னு சொல்லி மணியை எடுத்தார். தியான வகுப்புல கண்ணை மூடி உக்காந்தேன், மொத தடவையா தூக்கம் வரல. எந்த கவுண்டர்ல டிக்கெட் கெடைக்கும்னு தெரியாதவன் எல்லா க்யூவுலயும் நிக்கற மாதிரிதான். தப்பா எடுத்துக்காதீங்க, பயம்.

ஆஸ்பத்திரிக்குப் போற நாள் கங்காவையும் கூட்டிக்கிட்டு அதே வண்டியில ஏறினேன். ஜன்னல் சீட்டு காலியா வெச்சிருந்தாங்க. பக்கத்துச் சீட்டும். அவளை ஜன்னலோரம் உக்கார வெச்சேன். பக்கத்துல குழந்தையோட ஒரு பொண்ணை உக்காரச் சொல்லிட்டு நான் நின்னேன். ஏசுதாசன் என் காதுல, "இன்னிக்கு சீட்டு வேணாமா பிரதர்? வந்த அன்னிக்கே தெரியும், பல்லாவரத்துல ஏறுறவன் வேற எதுக்கு வரப் போறான்"னார். சிரிக்கல, தோள்ல கையைப் போட்டார்.

சைதாப்பேட்டை தாண்டினதும் பாட்டு நின்னுது. தபீதாள் அக்கா சொன்னாங்க: "இன்னிக்கு நீங்க ஜெபம் பண்ணுங்க பிரதர்."

எனக்கு அந்த வசனமெல்லாம் மனப்பாடம். 'அன்பின் பரலோகப் பிதாவே'ல ஆரம்பிச்சு எங்க நிறுத்தணும், எங்க குரலைத் தூக்கணும், எல்லாம் தெரியும். கண்ணை மூடினேன். வாயைத் தொறந்தேன். வந்தது "முருகா".

சரி, வந்தது வந்துடுச்சுன்னு அப்படியே தொடர்ந்தேன்.

"முருகா, நான் சீட்டுக்குத்தான் வந்தேன். இவளுக்கு வலிச்சுது, பாத்தேன், கேக்கல. இவளை எங்கிட்ட திருப்பிக் குடுத்துடு. இனிமே கேக்கறேன்." அதை எப்படி முடிக்கறதுன்னு தெரியல.

"ஆமென்"னாங்க தபீதாள் அக்கா. எல்லாரும் சொன்னாங்க. குழந்தையோட இருந்த பொண்ணும் சொல்லிச்சு.

கண்ணைத் தொறந்தா கங்கா என்னையே பாத்துக்கிட்டிருந்தா. "ரொம்ப நேரமா நிக்கறீங்களே, முட்டி வலிக்குதாங்க?"ன்னா.

நான் குனிஞ்சேன். "என்னை வுடு. உனக்கு வலிக்குதா?"ன்னேன்.

அவ என் கையைப் புடிச்சுக்கிட்டு, "வலிக்குதுங்க"ன்னா.